மேலிருந்து வந்த சைகை

காலையிலிருந்து அத்தனை பேச்சையும் பொறுத்துக்கொண்டு, எனக்கும் பத்து நிமிடம் மிச்சம் வைத்திருக்கும் தலைவர் அவர்களே! திட்டித் திட்டியே எங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்த தோழர்களே! பிள்ளைகளை மடியில் இருத்தி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வெல்டர்களே, ஃபிட்டர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தம்பிமார்களே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சைகைக்காரனின் வணக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த யார்டில் கிரேனுக்குக் கீழே நின்று கையை ஆட்டுவதுதான் என் தொழில். "வீட்டுல மட்டும் ஒரு வேலைக்கும் கை அசையாது" என்பார் என் மனைவி. அதோ, ஆமாம் என்று தலையாட்டுகிறார் பாருங்கள்!

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. தூக்கு, இறக்கு, வலம், இடம் என்பதை ஒரே ஒருவர்தான் காட்டலாம். ஆனால் 'நிறுத்து' என்பதை யாரும் காட்டலாம். முதலாளி காட்டினாலும் நிறுத்த வேண்டும். தரை கூட்டுகிறவர் காட்டினாலும் நிறுத்த வேண்டும். இரண்டு கைகள் தலைக்கு மேலே உயர்ந்தால் இருபது டன் இரும்பும் அப்படியே நிற்கும். நிறுத்தச் சொன்னவரை நாம் கேலி செய்ததுண்டா? கோழை என்றதுண்டா? ஒருநாளும் இல்லை!

சென்ற ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. கிரேன் உச்சியில் இருக்கும் கேபினில் இருந்தவர் நாம் 'மாடிவீட்டுக்காரர்' என்று அழைக்கும் ஓட்டுநர். அவர் மனைவி நான்கு மாதமாக மருத்துவமனையில். இரண்டு பெண்பிள்ளைகளுக்குச் சமைத்துப் பள்ளிக்கு அனுப்பி, மருத்துவமனைக்கு ஓடி, பிறகு நூற்று நாற்பது படி ஏறி வேலைக்கு வருவார். "எப்படிண்ணே இருக்கீங்க?" என்று கேட்டால், "எனக்கென்னப்பா, மேல நல்ல காத்து" என்பார். நாமும் சிரித்துவிட்டுப் போய்விடுவோம்.

அன்று இரும்புக் குழாய்க் கட்டு ஒன்றைக் குழந்தையைக் கிடத்துவதுபோலத் தரையில் வைத்தார். கேபின் கதவைத் திறந்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினார்!

கீழிருந்து மேலே போவதுதான் சைகை. மேலிருந்து கீழே ஒரு சைகை வந்ததை நான் பார்த்ததே இல்லை. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கயிற்றைச் சோதித்தோம். கொக்கியைச் சோதித்தோம். குழாய்க்கட்டை அவிழ்த்துச் சோதித்தோம். இருபது நிமிடம்! இரும்பையெல்லாம் தொட்டுப் பார்த்தோம். மனிதரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைசியில் வாக்கி டாக்கியை எடுத்தேன். "அண்ணே, கயிறா, பிரேக்கா?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. நான்தான்பா சரியில்ல."

"என்னண்ணே சொல்றீங்க?"

"மூணு வாரமாத் தூக்கம் இல்ல. நீ ஒருத்தன் நிக்கிறியா, ரெண்டு பேரான்னு தெரியல. இறங்கணும், ஆனா படியில கால் வைக்கப் பயமா இருக்கு."

ஒரு ஃபிட்டர் மேலே ஏறினார். ஓட்டுநரின் இடுப்பில் கயிற்றை மாட்டிவிட்டு, ஒரு படி கீழே நின்றுகொண்டே இறக்கினார். "மெதுவா வாங்க மாமா. பூட்ஸ் என் தலையில பட்டாலும் பரவாயில்ல, அங்க ஒண்ணும் பெருசா இல்ல" என்று அவர் சொல்ல, பாதிப் படியில் இரண்டு பேரும் சிரித்தது எங்களுக்குக் கேட்டது.

தரையைத் தொட்டதும் மேற்பார்வையாளர் அம்மாவிடம் அவர் கெஞ்சினார். "காத்துன்னு எழுதிடுங்கம்மா. உண்மையை எழுதினா கிரேன் ஓட்டுற என் சீட்டு போயிடும்."

பதிவேட்டில் வேலை நின்றதற்கான காரணங்கள் மூன்று: காற்று, கயிறு, இயந்திரம். மனிதனுக்கு அங்கே இடமே இல்லை!

அந்த அம்மா கேட்டார்: "காத்துன்னு எழுதினா, நாளைக்கு நீங்க ஏறியாகணும்ணே. ஏறுவீங்களா?"

கேட்டுவிட்டு, அந்த அம்மாவே பதிவேட்டின் ஓரத்தில் எழுதினார்: 'ஓட்டுநருக்கு உடல்நலமும் மனநலமும் சரியில்லை. உரிய நேரத்தில் நிறுத்தினார்.'

மருத்துவர், மாத்திரை, தூக்கம், மனம்விட்டுப் பேச ஓர் ஆலோசகர். பதினொரு வாரம் கருவி அறையில் வேலை. அவர் மனைவிக்குத் துணையாக மருத்துவமனைக்கு நம் வீட்டுப் பெண்கள் முறைவைத்துப் போனார்கள். "மண்டை குழம்பிப்போச்சாம்" என்று பேசியவர்களும் நம்மிடையே இருந்தார்கள். அதை நான் மறைக்கப் போவதில்லை. "ஏறலாம்" என்று மருத்துவர் எழுதித் தந்த பிறகும் நிர்வாகம் தயங்கியது. நம் சங்கம் ஒரே கேள்வி கேட்டது: கயிறு நைந்ததை மறைத்தவரை நீக்குங்கள், சரி, நைகிறது என்று முன்கூட்டியே சொன்னவரை எதற்காக நீக்குகிறீர்கள்?

என்ன கேட்கிறீர்கள் அங்கே? அவர் எங்கேயா? ஐயா, அவர் இந்தக் கூட்டத்துக்கு வராததற்கு ஒரே காரணம், இப்போது அவருக்கு ஷிஃப்ட்! தட்டுங்கள், அந்தக் கேபின்வரை கேட்கட்டும்!

அவருக்குப் பிறகு மூன்று பேர் அந்த அம்மாவின் அறைக் கதவைத் தட்டி, "எனக்கும் தாங்க முடியல" என்று சொல்லியிருக்கிறார்கள். முதலாமவர் ஒரு வெல்டர். இரண்டாமவர் ஓர் ஓட்டுநர். மூன்றாமவர், உங்கள் முன்னே மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்!

வெட்கப்பட்டுக்கொண்டா சொல்கிறேன்? இல்லை. பெருமையோடு சொல்கிறேன்! பாரத்தைத் தூக்கத் தெரிந்தவர்கள் எங்கும் உண்டு. தாங்க முடியவில்லை என்று சொல்லத் தெரிந்தவர்கள், சொன்னால் கேட்கத் தெரிந்தவர்கள், இந்த யார்டில் உண்டு!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. நாளைக் காலை வேலையில் சந்திப்போம். வணக்கம்.