உள்ளங்கையில் சாவித் தடம்

வயிற்றுவலி என்று வருகிறவளிடம் நான் முதலில் வயிற்றைப் பற்றிக் கேட்பதில்லை. நேற்று என்ன சமைத்தாய், யாரெல்லாம் சாப்பிட்டார்கள், நீ எப்போது படுத்தாய் என்றுதான் கேட்பேன். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும். நீங்கள் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதும் எனக்குத் தெரிகிறது இன்ஸ்பெக்டர். குறையாகச் சொல்லவில்லை.

என் பெயர் ராகேல். ஊர் மார்த்தாண்டம் பக்கம். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு முடித்து, அறுபத்தெட்டில் போனக்காட்டுக்கு அருகே இந்தத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்தேன். வித்துராவிலிருந்து டாக்டர் எப்போதாவது ஜீப்பில் வருவார். மற்றபடி எல்லாம் நான்தான். மாத்திரையும் கொடுப்பேன், ஆடாதோடைக் கஷாயமும் கொடுப்பேன். காயத்தைத் தைப்பேன், நொச்சி போட்டு ஆவி பிடிக்கவும் வைப்பேன். பச்சிலை அரைக்க அம்மி ஒன்று டிஸ்பென்சரிக்குள்ளேயே கிடந்தது. சாயங்காலம் தொழிலாளர் லயத்து வரிசை வீடுகளுக்குப் போய், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் யாரோடு பேசுவதில்லை என்று பார்த்துவிட்டு வருவேன். கையைப் பார்த்து வைத்தியம் செய்தால் கை குணமாகும், ஆள் குணமாக மாட்டாள். முழு ஆளையும் பார்க்க வேண்டும். இதை இப்போதும் நம்புகிறேன்.

மாடம்மாள் கொழுந்து கிள்ளுகிறவள். அவள் புருஷன் லிங்கம் கவாத்து வெட்டுகிறவன். பிள்ளை கிடையாது. முதல் தடவை அவள் உதடு கிழிந்து வந்தாள்.

"கீழ விழுந்தேன் சிஸ்டரே."

அடி வாங்கிய எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். தைத்து அனுப்பினேன். அடுத்த முறை முன்பல் பாதி போயிருந்தது. அதற்கடுத்த முறை இரண்டு மணிக்கட்டிலும் விரல் பதிந்து கன்றியிருந்தது. யாரோ அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள். உள்ளங்கையில் ஒரு சாவியின் தடம், பற்கள்கூடத் தெரியும்படி நீலமாகப் பதிந்திருந்தது.

"இதுவும் விழுந்ததுதானா?"

"விழுந்ததுதான் சிஸ்டரே."

"லிங்கம் கைமேல போயி விழுந்தியா?"

பின்னால் நின்ற செல்லபாய் சிரித்தாள். அவள் மாடம்மாளின் பக்கத்து வீட்டுக்காரி. மாடம்மாள் சிரிக்கவில்லை. "அவர ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள்.

வீட்டில் பூட்டி வைக்கிறான், இவள் சாவியைப் பிடுங்கப் பார்த்திருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். நேரில் போயும் பார்த்தேன். அடுப்பைச் சுற்றி இடுப்புயரத்துக்குப் பலகை அடித்து வைத்திருந்தான். அவளை அந்தப் பக்கமே விடமாட்டானாம், சோறும் அவனே பொங்குவானாம். "மகாராணியில்லா, அடுப்படிக்கெல்லாம் வரமாட்டாவ," என்று செல்லபாய் கேலி பேசினாள். எனக்கு அது ஜெயில் மாதிரிதான் தெரிந்தது. நோய் மாடம்மாளின் உடம்பில் இல்லை, அந்த வீட்டில் இருக்கிறது என்று முடிவு செய்தேன்.

ஆடி மழையில் ஒரு மத்தியானம் லிங்கம் தனியாக வந்தான். சுட்டுவிரல் எலும்பு தெரியக் கடிபட்டிருந்தது.

"நாய் கடிச்சிட்டு சிஸ்டரே."

"எந்த நாய்க்குடே மனுஷப் பல்லு?"

தலையைக் குனிந்து சிரித்தான். "ஒங்ககிட்ட மறைக்க முடியுமா. அவ அறியாம கடிச்சது. யார்ட்டயும் சொல்லாண்டாம். சொன்னா அவ ஜோலி போயிரும்."

அவள் வேலையைக் காட்டி மிரட்டுகிறான் என்று எடுத்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டே மிரட்டுகிற ஆண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

விரலைக் கழுவிக் கட்டினேன். அதை ஒழுங்காகத்தான் செய்தேன். வலிக்கு என்று சொல்லித் தூக்க ஊசி போட்டேன், அவனே கையை நீட்டினான். கண் சொருகியதும் அம்மிக் குழவியை எடுத்து நெற்றிப் பொட்டில் அடித்தேன். ஒரே அடியில் முடியும் என்று நினைத்தது தப்பு. அவன் எழுந்து உட்கார்ந்தான். "சிஸ்டரே, நான் விழுந்திட்டனா?" என்று கேட்டான். மறுபடி அடித்தேன். ஈர விறகு பிளக்கிற மாதிரிச் சத்தம் வந்தது. மூக்கு உள்ளே போயிற்று. கால் உதறுவது நிற்கும்வரை அடித்தேன். நின்ற பிறகும் அடித்திருக்க வேண்டும், ஏனென்றால் மறுநாள் என் தோள் வீங்கியிருந்தது. நொச்சி ஒத்தடம் கொடுத்துக்கொண்டேன்.

டிஸ்பென்சரிக்குப் பின்னால் பெரிய பள்ளம். போர்வையில் சுற்றி இழுத்துப்போய் உருட்டினேன். பாறைகளில் மோதிக்கொண்டே போனான், போர்வை வழியில் எங்கோ கழன்றுபோயிற்று. தரையைக் கழுவிவிட்டுக் கதவைத் திறந்தேன். காய்ச்சல்காரர்கள் காத்திருந்தார்கள். அதே குழவியில் அவர்களுக்குப் பச்சிலை அரைத்தேன்.

உடம்பு கிடைத்தபோது, கால் வழுக்கி விழுந்திருப்பான் என்று சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள்.

மாடம்மாள் அழுதபடியே இருந்தாள். அதையும் நோயின் மிச்சம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். சுத்தியலோடு போய் அடுப்பைச் சுற்றியிருந்த பலகைகளை நானே பெயர்த்தெடுத்தேன்.

"இனி ஒன் சோத்த நீயே பொங்கு. தடுக்க ஆளில்ல."

"அது கெடக்கட்டும் சிஸ்டரே," என்றாள். நான் விடவில்லை.

சில நாளில் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முகமும் ஒரு கையும் அடுப்பில் வெந்திருந்தன. பெஞ்சில் கிடத்தியதும் உடம்பு வெட்டி இழுத்தது, வாயில் நுரை தள்ளியது. செல்லபாய் தன் இடுப்பிலிருந்த சாவியை உருவி, அவளுடைய வேகாத உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கி அமுக்கினாள். வலிப்பு வந்தால் இரும்பைக் கையில் கொடுப்பது அவர்கள் வழக்கம். இழுப்பு நின்றபின் கையைப் பிரித்துப் பார்த்தேன். தடம் அதே இடத்தில் இருந்தது.

"இது எப்பமே உண்டா?"

"கல்யாணத்துக்கு முன்னயே உண்டு. வலிப்புக்காரின்னு தெரிஞ்சா சரிவுல வேலைக்கி நிறுத்த மாட்டாவல்லா. பல்லு நாக்கக் கடிக்காம லிங்கண்ணந்தான் வெரலக் குடுக்கும். ஒங்ககிட்ட எப்படிச் சொல்லுகது, நீங்க தோட்டத்து ஆபீஸ் பக்கத்து ஆளுல்லா. அதாக்கும் கேலி பேசி மறச்சது."

பள்ளத்தில் டிஸ்பென்சரிப் போர்வையைக் கண்டெடுத்து நீங்கள் வந்தீர்கள். வராவிட்டாலும் சொல்லியிருப்பேன், அதுவரை யாரும் கேட்கவில்லை.

லிங்கத்தைக் கொன்றது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மாடம்மாள் இப்போது திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அங்கே தீப்புண்ணுக்கு ஒரு டாக்டர், வலிப்புக்கு ஒரு டாக்டர். என்னை அவளருகில் விட்டால் நல்லது. அவளை முழுசாக அறிந்தவள் நான் ஒருத்திதான்.