உள்ளங்கைக்கு அடங்கியவை

இந்த அறைக்குப் பெயின்ட் அடித்தவர் இரண்டாவது பூச்சுக்கு முன்னால் சுவரைத் தேய்க்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே, இடது பக்கம் பாருங்கள், தெரியும். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் இதே வேலை பார்த்தவனுக்குக் கண் தானாகவே அங்கே போய்விடுகிறது.

வாக்குமூலத்தை என் கைப்பட எழுதித் தருகிறேன் என்றதும் பெரிய மனது பண்ணித் தாள் கொடுத்தீர்கள், நன்றி. கீழே லாக்கப்பில் எங்கள் ஷோரூம் எலக்ட்ரீஷியனை ஆறு நாளாக வைத்திருக்கிறீர்கள். அந்த வெள்ளை வண்டியில் கை வைத்தது அவன் இல்லை, நான். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன் என்றால் மீதியை நீங்கள் பதற்றமில்லாமல் படிக்கலாம்.

நான் கார் ஷோரூமில், டெலிவரிக்கு முன்னால் வண்டிகளைத் தயார் செய்யும் பிரிவுக்குத் தலைமை. புது வண்டி தொழிற்சாலையில் பிறந்த கையோடு நேராகத் தன் வீட்டு வாசலுக்கு வருவதாக ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாவம். அது லாரி மாறி லாரி ஏறி, எங்கள் யார்டில் மூன்று மாதம் வெயிலில் காய்ந்து, ஊர்ப் பறவைகளின் எச்சத்தையெல்லாம் தாங்கிக்கொண்டு நிற்கிறது. கதவில் ஒரு கோடு, பம்பரில் ஒரு சிராய்ப்பு, கூரையில் ஒரு சொட்டை. ஒரு மனிதர் குளித்து, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, குடும்பத்தோடு வந்து நிற்கிறார். அவரிடம் போய் இந்தப் பட்டியலை வாசித்தால் அவர் முகம் என்னத்துக்கு ஆகும்? எங்களுக்கு அவ்வளவு கல்நெஞ்சு கிடையாது.

எங்கள் மேனேஜரும் எல்லாவற்றையும் மூடி மறைக்கச் சொல்லும் ஆள் இல்லை. அவர் ஒரு விதி வைத்திருந்தார். குறையின் மேல் உள்ளங்கையை வைக்க வேண்டும். அது முழுக்க மறைந்துவிட்டால் அதற்குப் பெயர் தூசி. சரிசெய்துவிட்டு, வேலைச் சீட்டில் 'தூசி, துடைக்கப்பட்டது' என்று எழுதினால் போதும். வாங்குபவரிடம் மூச்சு விட வேண்டியதில்லை. கைக்கு வெளியே ஒரு நூல் தெரிந்தாலும் அது சேதம். சேதத்தைச் சொல்லித்தான் விற்க வேண்டும். இதைவிட நேர்மையான விதியை நீங்கள் வேறு எந்த ஷோரூமிலும் பார்க்க முடியாது.

ஆனால் யாருடைய உள்ளங்கை என்று விதியில் இல்லை. மேனேஜரோடு கைகுலுக்கினால் அவர் கையை எங்கே விட்டோம் என்று தேட வேண்டியிருக்கும், அவ்வளவு சின்னது. எனக்கோ எந்தக் கடையிலும் கையுறை கிடைத்ததில்லை. சேர்ந்த மாதமே 'பெரியகை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சேதமா தூசியா என்று இழுபறி வந்தால், "பெரியகை, ஒரு நிமிஷம் வந்து கைய வெச்சிட்டுப் போப்பா" என்று குரல் வரும். போய் வைப்பேன். தூசி ஆகிவிடும். மூன்றே வருடத்தில் எனக்கு முன்னால் சேர்ந்த நாலு பேரைத் தாண்டி என்னைத் தலைமை ஆக்கினார்கள். திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று என் மனைவி சொன்னாள். நானும் மறுக்கவில்லை.

தொழில் ரகசியம் ஒன்றும் சொல்கிறேன், இனி எனக்கு அது உபயோகப்படப் போவதில்லை. டெலிவரிக்கு நிற்கும் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சின்ன அழுக்கை நானே விட்டுவைப்பேன். கண்ணாடி ஓரத்தில் ஒரு விரல் ரேகை, கதவுக் கைப்பிடிக்குக் கீழே துளி மெழுகு. வாங்குபவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி, அதைக் கண்டுபிடித்து, "இது என்ன?" என்று ஜெயித்த முகத்தோடு கேட்பார். நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டுத் துடைப்பேன். அதற்கு மேல் அவர் தேட மாட்டார். தன் சாமர்த்தியத்தைப் பற்றி வழியெல்லாம் வீட்டாரிடம் சொல்லிக்கொண்டே போவார். ஒருவருக்கு வண்டியோடு சேர்த்துச் சந்தோஷத்தையும் கொடுத்தனுப்புவது பாவமா என்ன?

இப்போது வெள்ளை வண்டிக்கு வருகிறேன்.

அதை வாங்க வந்தவர் பள்ளிப் பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்தும் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை, அம்மாவோடு இருந்தார். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டது, வாரம் மூன்று தடவை ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். பஸ்ஸில் அழைத்துப் போய் அழைத்து வந்து அம்மா துவண்டுவிடுகிறார், அதனால்தான் வண்டி என்றார். முன்பதிவு செய்வதற்குள் மூன்று முறை வந்து பார்த்தார். வெள்ளைதான் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். கையிருப்பில் வெள்ளை ஒன்றுதான் இருந்தது. அது செவ்வாய்க்கிழமை மத்தியானம் லாரியிலிருந்து இறங்கும்போது சரிவுப் பலகையில் வழுக்கி, முன்பக்க மூலையால் யார்டின் இரும்புத் தூணை முட்டியது.

போய்க் கையை வைத்தேன். அடங்கவில்லை. விரலை விரித்து வைத்தும் இரண்டு பக்கமும் தெரிந்தது. பக்கத்தில் இன்னொரு கையையும் வைத்தேன், மறைந்துவிட்டது. ஒரு கை என்று விதியில் எங்கேயும் இல்லை. 'தூசி இரண்டு' என்று எழுதிவிட்டு வேலையைத் தொடங்கினேன். இரண்டே நாளில் பெயின்டரும் நானும் அந்த மூலையைப் பிறந்த மேனிக்குக் கொண்டுவந்துவிட்டோம். உங்கள் நிபுணர் அறிக்கையில் அந்த மூலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் அதைக் கண்டுபிடிக்கவே இல்லை. கேட்டுப் பாருங்கள்.

மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். வியாழக்கிழமை காலை எலக்ட்ரீஷியன் வந்து நின்றான்.

"அண்ணே, பம்பருக்கு உள்ள சென்சாரப் பிடிச்சிருக்கிற தகடு விட்டுப்போச்சு. ஒயரும் நசுங்கியிருக்கு. எங்கயாவது மோதினா ஏர்பேக் விரியாது. அதான் மீட்டர்ல செவப்பு லைட் எரிஞ்சுகிட்டே இருக்கு."

"புதுசு எப்ப வரும்?"

"மூணு வாரம் ஆகும்."

"டெலிவரி நாளைக்கு."

"சொல்லிடலாம்ணே. அந்தம்மா நல்லவங்களாத் தெரியறாங்க. மூணு வாரம்தானே, பொறுத்துக்குவாங்க."

மேனேஜரிடம் போனேன். அவர் ஏதோ கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. "விதி என்ன சொல்லுதோ அதைப் பண்ணு. என்ன பண்ணினேன்னு எங்கிட்ட வந்து சொல்லிட்டு இருக்காத" என்றார். அவருடைய பொறுப்புணர்ச்சி எனக்கு எப்போதுமே பிடிக்கும்.

வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். சிவப்பாக எரிந்தது. புத்தம் புதிய மீட்டர் பலகையில் அது பார்க்க நன்றாகவே இல்லை, முகத்தில் பரு வந்த மாதிரி. அதன் மேல் கையைக் கொண்டுபோனேன். உள்ளங்கை தேவைப்படவில்லை. சுண்டுவிரல் நுனியே போதுமாக இருந்தது. இத்தனை வருடத்தில் இவ்வளவு சின்னக் குறையை யாரும் என்னிடம் கொண்டுவந்ததில்லை.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அந்த விளக்கை மட்டும் எரியாமல் பண்ணு என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அது தூசி இல்லண்ணே. அது வண்டி வாய்விட்டுச் சொல்றது. அத அடைக்கச் சொல்றீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா? நான் மாட்டேன்."

தலைமைக்கு முன்னால் இப்படிப் பேசலாமா? அன்றே அவனை வண்டி கழுவும் இடத்துக்கு மாற்றினேன். தண்ணீரில் நின்றால் சூடு தணியும் என்பதைத் தவிர வேறு நோக்கம் இல்லை. வேலையை நானே செய்தேன். மீட்டர் பலகையைக் கழற்றி, அந்த விளக்குக்கு மேல் உள்பக்கமாகக் கருப்புப் பெயின்ட் வைத்தேன். மிக மெல்லிய தூரிகை. முதல் பூச்சு காய்ந்ததும் லேசாகத் தேய்த்துவிட்டு இரண்டாவது பூச்சு. விளிம்பில் ஒரு மயிரிழை வழியவில்லை. வேலைச் சீட்டில் 'தூசி மூன்று' என்று திருத்தினேன்.

வெள்ளிக்கிழமை அவர் அம்மாவோடு வந்தார். பிழை திருத்துபவர் அல்லவா, வண்டியை ஒரு பக்கத்திலிருந்து வரி வரியாகப் படித்துக்கொண்டே வந்தார். நான் விட்டுவைத்த விரல் ரேகையை அரை நிமிடத்தில் கண்டுபிடித்தார். பதறினேன், துடைத்தேன். வழக்கமாக அங்கேயே கதை முடிந்துவிடும். அவர் உள்ளே ஏறி உட்கார்ந்து, வண்டியோடு வந்த கையேட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார். அதை வாங்கிய அன்றே படித்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

"சாவி போட்டதும் எல்லா லைட்டும் ஒரு தடவை எரிஞ்சு அணையணும்னு இதுல போட்டிருக்கே. ஏர்பேக்னு ஒண்ணு படத்துல இருக்கு. இங்க எரியலையே?"

நான் கொஞ்சமும் தடுமாறவில்லை.

"இந்த மாடல்ல அந்த லைட்டையே எடுத்துட்டாங்க மேடம். புஸ்தகத்துல மாத்தாம விட்டுட்டாங்க. அச்சுப் பிழை."

அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "பார்த்தீங்களாம்மா, இங்கயும் எனக்கு வேலை வெச்சிருக்காங்க" என்று சிரித்தார். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரியை அழகாக அடித்து, ஓரத்தில் திருத்தக் குறியும் போட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். பின் இருக்கையில் அவருடைய அம்மா, "அந்தத் தம்பிக்கு நன்றி சொல்லும்மா" என்றார். சொன்னார்.

ஐந்து மாதம் கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. பெரிய வேகம் ஒன்றும் இல்லை என்று உங்கள் அறிக்கையே சொல்கிறது. ஏர்பேக் விரியவில்லை. விரிந்திருந்தால் ஒரு வாரத்தில் வேலைக்குப் போயிருப்பார் என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் எழுதியிருக்கிறார். டாக்டர்கள் எதையும் பின்னால்தான் சொல்வார்கள். பின்னால் படுத்திருந்த அம்மாவுக்குச் சிராய்ப்பு மட்டும். இப்போது அவரை வாரம் மூன்று தடவை யார் கூட்டிப் போகிறார்கள் என்று தெரியவில்லை. விசாரிக்கலாம் என்று நினைத்தேன். வேலை நெருக்கடியில் முடியவில்லை.

ஒயர், விளக்கு என்றதும் நீங்கள் நேராக எலக்ட்ரீஷியனைப் பிடித்தீர்கள். அவன் என் பெயரைத்தான் சொல்லியிருக்கிறான், நீங்கள் நம்பவில்லை. கழுவும் இடத்துக்கு மாற்றப்பட்ட வயிற்றெரிச்சலில் மேலதிகாரியைக் கோத்துவிடுகிறான் என்று உங்கள் மேனேஜர், மன்னிக்கவும், எங்கள் மேனேஜர் உங்களிடம் சொன்னார். நானும் ஆமாம் என்றேன். அவன் மனைவி கைக்குழந்தையோடு என் வீட்டுக்கு வந்தாள். "அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவர விட்டுருவாங்க" என்று அழுதாள். உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன். உண்மை ஒருநாள் வெளியே வரும்மா, தைரியமாக இரு என்று தேற்றி, வாசல் வரை வந்து வழியனுப்பினேன்.

அது நாலு நாளுக்கு முன்னால். நேற்றுதான் உங்கள் அறிக்கையின் நகல் ஷோரூமுக்கு வந்தது. ஏழாம் பக்கத்தில், 'விளக்கின் மேல் யாரோ அரைகுறையாகக் கருப்பு மை தடவியுள்ளனர்' என்று இருந்தது. அரைகுறையாக. அதுவும் மை. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சோறு இறங்கவில்லை. செய்யாத ஒருவன் பேரில் ஒரு காரியம் இருப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அப்போதுதான் உறைத்தது. மனசாட்சி என்கிறார்களே, இதுதான் போலிருக்கிறது. காலையில் முதல் ஆளாக இங்கே வந்து நின்றேன். அந்த வரியைத் திருத்தச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

சந்தேகம் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். வெள்ளை வண்டிக்குப் பிறகு இந்த முறை எனக்குக் கைவந்துவிட்டது. லாரிக்காரர்கள் இடித்துக்கொண்டேதான் இருந்தார்கள், உதிரிப் பாகங்கள் வந்தபாடில்லை. மொத்தம் பதினோரு வண்டிகள் இப்போது சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பதிவு எண்களை நினைவிலிருந்து தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். மூன்றாவதிலும் எட்டாவதிலும் வேலை மிகச் சுத்தமாக வந்திருக்கும். கழற்றும்போது மட்டும் கொஞ்சம் பதமாகக் கழற்றச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. வாசலில் நின்ற உங்கள் காவலர், 'உனக்கெல்லாம் ஈவு இரக்கமே கிடையாதா' என்று கேட்டார். இதற்குப் பதில் சொல்லாமல் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. எனக்கு எலக்ட்ரிக்கல் தெரியாது. எலக்ட்ரீஷியன் சொன்னதை, வழக்கம்போல ஊதிப் பெரிதாக்குகிறான் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அந்த விளக்கு எரிந்தால் என்ன, அணைந்தால் என்ன என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. மற்றபடி நான் பொறுப்புள்ளவன், பிள்ளைகுட்டிக்காரன். வெள்ளை வண்டியை டெலிவரி கொடுத்த அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கு வண்டி எடுத்தோம். எங்கள் ஷோரூமில் எடுக்கவில்லை, அடுத்த ஊருக்குக் கூட்டிப்போனேன். நானே சாவியைத் திருப்பி, அந்தச் சிவப்பு விளக்கு எரிந்து அணைகிறதா என்று மூன்று முறை பார்த்த பிறகுதான் அவளை ஸ்டியரிங்கைத் தொடவிட்டேன்.