நாலு மாட்டுக்கு நாலு ஊசி

நெல்லியடிக்குப் போகும் பஸ்ஸில், வெறும் பால் கேனை மடியில் வைத்திருந்த பெண் தன் சிநேகிதியிடம் சொன்னார்: "நான் இரக்கப்பட்டுத்தான் ரெண்டு மாட்டைச் சாகக் குடுத்தனான்."

"என்னடியப்பா கதைக்கிறாய்?"

"போன வருசம் எங்கடை சிவப்பி மாட்டுக்குக் காய்ச்சல். பாவம், முதல்லை அதுக்கு ஊசி போடுங்கோ எண்டு அக்காவின்ரை மனுசன், அத்தானிட்டைச் சொன்னன். அவர் அதே ஊசியாலை மற்ற நாலுக்கும் சத்து மருந்து போட்டார். கொஞ்ச நாளிலை எல்லாம் படுத்திட்டுது. ரெண்டு செத்துப் போச்சு. ரத்தத்திலை கிடந்த நோயை ஊசிதான் மற்றதுகளுக்குக் காவினது எண்டு மாட்டு டாக்குத்தர் பிறகு சொன்னார்."

"ஐயோ!"

"இந்த முறை புதுசா வாங்கின மாட்டுக்குக் காய்ச்சல். ஒரு பெட்டி ஊசி வாங்கி, நாலு மாட்டுக்கும் நாலு ஊசி எடுத்தன். நோய் மாட்டைக் கடைசியா விட்டன். அத்தான் சிரிச்சார், 'உதென்ன, மாட்டுக்கும் தனித்தனிக் கோப்பையோ?' எண்டு."

"பிறகு?"

"புதுசு தேறியிட்டுது. மற்ற மூண்டுக்கும் ஒண்டுமில்லை. நாலும் கறக்குது! நேற்று அத்தான் வந்து, 'மச்சாள், என்ரை மாடுகளுக்குப் போடோணும், ஊசி மிச்சம் கிடக்கோ?' எண்டார்."

"குடுத்தனியோ?"

"ஓம், பெட்டியோடை குடுத்தன். சிரிக்காமல் எண்ணி எடுங்கோ எண்டன்."