'உள்ளது' என்று எழுதிய பதினான்கு மாதங்கள்

எனது பெயர் இன்பமேரி, வயது 53, கணவர் பெயர் கிறிஸ்துதாஸ். ஏற்காடு வட்டம் வெள்ளக்கடையில் குடியிருந்து வருகிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை. 20.03.2025 இன்று காலை நானாகக் காவல் நிலையம் வந்து சொல்வதாவது:

2019-இல் மூடப்பட்ட விதை ஆராய்ச்சி நிலையத்தில் நான் ஸ்டோர் உதவியாளர். கொட்டச்சேடு மாதையன் வாட்ச்மேன். மூடிய பிறகும் காவலுக்கு எங்கள் இருவரை மட்டும் வைத்திருந்தார்கள். விதைகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்த கோபால்ட், இரண்டு ஆள் தூக்கும் ஈயக் குடுவையில் பின் அறையில் இருந்தது. தீவிரவாதிகள் கையில் சிக்கினால் பெரிய நாசம் வரும், அதனால் இரண்டு பூட்டு, ஆளுக்கு ஒரு சாவி, தனியாளாகத் திறக்கக் கூடாது, தினமும் இருவரும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சேலத்தில் பயிற்சி கொடுத்தார்கள். எடுத்துப் போகச் சொல்லி நான்கு கடிதம் எழுதினோம். பரிசீலனையில் உள்ளதாக ஒரே ஒரு பதில் வந்தது.

11.01.2024 அன்று இருவரும் திறந்து பார்த்தோம், குடுவை இருந்தது. அதன் பிறகு மாதையன், "ஏனுங்க ஸ்டோரம்மா, கண்ணாயிக்கு நொம்ப முடியலீங்க. வாரம் ரெண்டு தடவ சேலம் கூட்டிட்டுப் போவோணும். சாவி உங்ககிட்டயே இருக்கட்டுங்களா?" என்று கேட்டார். வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு இரண்டு சாவியும் என்னிடம் இருந்தும், தனியாளாகத் திறக்கக் கூடாது என்பதால் ஒரு நாளும் திறக்கவில்லை. அந்த ஒரு விதியை மட்டும் காப்பாற்றினேன். பூட்டுகளை இழுத்துப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் 'உள்ளது' என்று எழுதி, என் கையெழுத்தையும் மாதையன் கையெழுத்தையும் நானே போட்டேன். ஆவணியில் அவர் மனைவி கண்ணாயி இறந்த பிறகும் சாவியை அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

18.03.2025 அன்று ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் திறந்தபோது பூட்டுகள் நல்லபடி இருந்தன, குடுவை இல்லை. நான் ஒரு நாளும் சுற்றிப் போய்ப் பார்க்காத பின் ஜன்னலின் கம்பிகள் அறுக்கப்பட்டிருந்தன. 17-ந் தேதி வரை 'உள்ளது' என்று இருப்பதால், முந்தின இரவுதான் திருட்டு என்று முடிவு செய்து மாதையனைப் பிடித்தார்கள். குப்பனூர் ரோட்டில் வண்டிகளைச் சோதிக்கிறார்கள். அன்று என்னைக் கேட்டபோது பயத்தில் பதிவேட்டில் உள்ளபடிதான் என்றேன்.

ஆனால் அறுபட்ட கம்பி முனைகளில் துரு ஏறியிருந்ததை நான் பார்த்தேன். ஒரு மழைக்காலமாவது கடந்த துரு அது. எந்த மாதம், யார், எங்கே கொண்டுபோனார்கள் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கெட்ட எண்ணத்தோடு எடுத்தவன் என்றால் இந்நேரம் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போயிருப்பான். இல்லையென்றால் இந்த மலையிலேயே யாரோ என்னவென்று தெரியாமல் அந்தக் குடுவையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கலாம், பக்கத்தில் பிள்ளைகள் படுத்திருக்கலாம். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று மாதையனைப் பார்க்க விட்டார்கள். சாவி தன்னிடம் இல்லை, கையெழுத்தும் தன்னுடையது இல்லை என்ற உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க எழுதுனா சரியாத்தானுங்க இருக்கும்" என்றார். அவர் மேல் குற்றம் இல்லை. அவரை விட்டுவிட வேண்டும்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. பதினான்கு மாதத்தில் உண்மைக்காக நான் போடும் முதல் கையெழுத்து இது.

(ஒப்பம்) இன்பமேரி