காற்றுக்குழாயைப் பற்றி நான் முதலில் சொல்லாதது

காஞ்சிபுரம். 22.09.2025, திங்கட்கிழமை, முற்பகல் 11.20. தாமாக வந்து நீதித்துறை நடுவர் முன் ஆஜரானவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் ஜினேஷ். வயது முப்பத்தொன்று. தகப்பனார் பெயர் ஜீவகுமார். திருப்பருத்திக்குன்றம் கோயில் தெருவில் குடியிருக்கிறேன். இயற்பியலில் முதுகலை படித்தவன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகர் வேலை. மணமாகவில்லை. நான் சொல்வது எனக்கே எதிராகப் பயன்படலாம் என்று நடுவர் இரண்டு முறை சொன்னார். யோசிக்க நேரம் கொடுத்து வெளியே உட்கார வைத்தார். உட்கார்ந்திருந்தேன். யோசிக்க எதுவும் இல்லை. யாரும் என்னை அனுப்பவில்லை.

05.09.2025 அன்று செவிலிமேடு அருகே பாலாற்றில் விமானம் விழுந்து இறந்துபோன முத்துக்குமாரை ஏழு வருடமாகத் தெரியும். அவருக்கு வயது முப்பத்தாறு. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெசவு செய்யும் குப்புசாமியின் மகன். தறிகளில் டிசைன் எடுக்கும் மின்னணுப் பெட்டிகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். நான் அவரை முத்தண்ணா என்று கூப்பிடுவேன். அன்று மாலை ஆஸ்பத்திரியில் காவல் உதவி ஆய்வாளரிடம் நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒன்று பொய். ஒன்று விடுபட்டிருக்கிறது. இரண்டையும் சரிசெய்ய வந்திருக்கிறேன்.

விமானத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து நான்கு வருடமாகக் கட்டினோம். செவிலிமேட்டைத் தாண்டி ஆற்றை ஒட்டிய தரிசு நிலத்தில் தகரக் கொட்டகை போட்டு, டிராக்டர் வைத்து ஓடுபாதை சமன் செய்திருந்தோம். முத்துக்குமார் முறையாகப் பயிற்சி எடுத்து அறுபது மணி நேரம் ஓட்டியவர். எங்கள் விமானத்துக்குப் பறக்கும் அனுமதி கேட்டு விண்ணப்பித்திருந்தோம். வரவில்லை. அதுவரை தரையில் மட்டும் ஓட்டிப் பார்ப்பது என்று பேச்சு. ஆனாலும் அவர் விடியற்காலையில் மூன்று முறை மேலே போய் இறங்கினார். நான் கீழே நின்று பார்த்தேன். தடுக்கவில்லை.

இன்ஜின் பழைய ஜப்பான் கார் ஒன்றிலிருந்து கழற்றியது. சென்னை புதுப்பேட்டையில் எடுத்தோம். நடுவர் விளக்கம் கேட்டதால் சொல்கிறேன். இது ரோட்டரி இன்ஜின். மேலும் கீழும் போகும் பிஸ்டன் இதில் கிடையாது. முக்கோணமான இரண்டு ரோட்டர்கள் உள்ளே சுழலும். ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். ஒன்று அடிக்காவிட்டாலும் மற்றது இழுத்துக்கொண்டு ஓடும். அதனால் பொறி சரியாக விழாத கோளாறு இதில் சீக்கிரம் பிடிபடாது. இந்த இன்ஜின் விட்டு விட்டு அடித்தால், அதாவது மிஸ்ஸிங் ஆனால், எல்லோரும் முதலில் பிளக்கையும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயிலையும் ஒயரையும்தான் பார்ப்பார்கள். நாங்களும் அதைத்தான் பார்த்தோம்.

10.08.2025 ஞாயிற்றுக்கிழமை காலையில் விமானத்தின் வாலைப் புளியமரத்தில் கட்டி இன்ஜினை முழு வேகத்தில் ஓட்டினோம். பதினோராவது நிமிடத்தில் மிஸ்ஸிங் வந்தது. விட்டது. மறுபடி வந்தது. நிறுத்தினோம். அதன் பிறகு சோதித்துவிட்டுக் கிளப்பினால் ஒழுங்காக ஓடியது. மறுபடியும் பதினோரு பன்னிரண்டு நிமிடத்தில் வந்தது. அடுத்த மூன்று வாரமும் இப்படியே. பிளக் நான்கையும் மாற்றினோம். காயில்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்றினோம். சுழற்சியைப் படிக்கும் சென்சாரை மாற்றினோம். எது எங்கிருந்து எங்கே போனது என்று குழம்பாமல் இருக்க முத்துக்குமார் முதல் ரோட்டரின் ஒயர்களில் சிவப்புப் பட்டு நூலும் இரண்டாவதன் ஒயர்களில் பச்சையும் கட்டினார். “ஒடம்பு செவப்பு, பார்டர் பச்சை. முகூர்த்தப் பொடவ மாதிரி இருக்குது பாருபா” என்றார்.

மிஸ்ஸிங் வந்ததும் இன்ஜினை நிறுத்தி, உடனே எரிபொருள் தொட்டியின் மூடியைத் திறந்து, அளவுகுச்சி விட்டு, எவ்வளவு பெட்ரோல் குறைந்தது என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் வேறு எதையும் தொடவேண்டும் என்பது நான் வகுத்த முறை. தொழிற்சாலைப் பழக்கம். அந்த முறைதான் ஒவ்வொரு தடவையும் கோளாறை நாங்கள் பார்ப்பதற்கு முன்பே அழித்துக்கொண்டிருந்தது. அது எனக்கு 31.08.2025 வரை தெரியாது.

31.08.2025 ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். பன்னிரண்டாவது நிமிடம் நிறுத்தினோம். முத்துக்குமார் டீ வாங்கப் போனார். நான் ஒரு பிளக்கைக் கழற்றினேன். வெள்ளையாக, காய்ந்து இருந்தது. பொறி விழாத பிளக் நனைந்து கறுப்பாக இருக்கவேண்டும். வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை. அதன் பிறகு இறக்கையின் மேல் இருந்த தொட்டி மூடியைத் திருகினேன். உள்ளே காற்று இழுபட்டது. நீளமாக ஒரு மூச்சு. அத்தனை நாளும் காதில் விழுந்த சத்தம்தான். அன்றுதான் கேட்டேன்.

தொட்டியில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். அதற்காக இறக்கையின் அடியில் சுண்டுவிரல் பருமனில் ஒரு குழாய் உண்டு. அது அடைபட்டால் தொட்டிக்குள் வெற்றிடம் கூடி, பம்ப் இழுத்தாலும் பெட்ரோல் வராது. மூடியைத் திறந்தால் சரியாகிவிடும். நான் இறக்கையின் கீழே மல்லாந்து படுத்துப் பார்த்தேன். குழாயின் வாய் மண்ணால் பூசி மூடியிருந்தது. குளவிக்கூடு. ஈரம் இல்லை. முட்டை வைத்து மூடிவிட்டுப் போயிருந்தது.

நாங்கள் தமிழ்ச் சமணர். 28.08.2025 முதல் 06.09.2025 வரை எங்களுக்குத் தசலட்சண பர்வம். பத்து நாளும் ஒருவேளைச் சாப்பாடு என்றும், தெரிந்து எந்த உயிரையும் அழிப்பதில்லை என்றும் கோயிலில் நின்று நோன்பு எடுத்திருந்தேன். எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான் இதையெல்லாம் நம்பாதவன் என்று பெயர். நம்பாமல்தான் எடுத்தேன். அம்மாவுக்காக. எடுத்த பிறகு மீற முடியவில்லை. குளவி கூடு கட்டினால் அந்த வீட்டுக்கு நல்லது என்று பலர் கலைக்காமல் விடுவார்கள். நான் அதற்காக விடவில்லை.

முத்துக்குமாரிடம் சொன்னால் ஒரு கம்பியை எடுத்து ஒரு நிமிடத்தில் குத்திவிட்டிருப்பார். அதுதான் சரி. அவர் செய்தாலும் சொன்னவன் நான் என்பதால் அது என் கையால் செய்ததாகவே ஆகும் என்று நினைத்தேன். குஞ்சு பொரித்துத் தானாக வெளியேறும் வரை இரண்டு வாரம் என்று கணக்குப் போட்டேன். அதன் பிறகு தொட்டி மூடியின் ரப்பர் வாஷரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காற்று உள்ளே போகும்படி மூடியைத் தளர்வாக வைத்தேன். தரையில் ஓட்ட அது போதும். பறந்தால் இறக்கையின் மேல் போகும் காற்று பெட்ரோலை வெளியே உறிஞ்சும். அது எனக்குத் தெரியும். எங்கள் தொழிற்சாலையில் தற்காலிகமாகச் செய்த எதற்கும் சிவப்பு அட்டை கட்டவேண்டும். கட்டாதவன்மேல் நானே புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்று நான் கட்டவில்லை. கட்டியிருந்தால் அவர் ஏன் என்று கேட்டிருப்பார்.

முத்துக்குமார் டீயோடு வந்தார். “இன்னா சாமியாரே, ரெக்கைக்கு அடியில படுத்துக்கினு தவமா?” என்றார். நான் எழுந்து, “மிஸ்ஸிங் கண்டுபுடிச்சிட்டேண்ணா. காயில் பக்கம் எர்த் ஒயரு லூசா இருந்துது. டைட் பண்ணிட்டேன்” என்றேன்.

“அத நான்தானேபா கட்டினேன்.”

“ஆமாண்ணா.”

அவர் டீயை என்னிடம் நீட்டினார். எனக்கு ஒரு வேளைச் சாப்பாடுதான் என்று நினைவு வந்து திரும்ப வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் அந்த ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு இன்ஜினைக் கிளப்பி இருபத்தைந்து நிமிடம் ஓட்டினோம். மிஸ்ஸிங் வரவில்லை. அவர் என்னைத் தூக்கிச் சுற்றினார். “வெங்காயம் ஆவாது, பூண்டு ஆவாது, பெட்ரோல் வாசனை மட்டும் ஆவும் ஒனக்கு” என்றார். என் சட்டைப்பையில் வாஷர் இருந்தது.

05.09.2025 வெள்ளிக்கிழமை, அரசு விடுமுறை. காலை ஏழு மணிக்குப் பூஜைக்குப் போனேன். செல்போனைக் கோயில் வாசலில் பையோடு வைத்திருந்தேன். எட்டேகால் மணிக்கு வெளியே வந்து பார்த்தபோது அவரிடமிருந்து இரண்டு தவறிய அழைப்புகளும் ஏழு முப்பத்தொன்றுக்கு அனுப்பிய குரல் பதிவும் இருந்தன. அதில் அவர் சொல்லியிருப்பது: “ஜினேசு, தொட்டி மூடி லூசா இருக்குதுபா. ரெக்க மேல பெட்ரோல் வாசனை. உள்ள வாஷரே காணோம். இன்னாபா செக் பண்ண நீ? புதுசு ஒண்ணு போட்டு டைட் பண்ணிட்டேன். திருமுக்கூடல் வரிக்கும் ஒரே ஒரு ரவுண்டு. நீ பூஜை முடிச்சிக்கினு மெதுவா வா.”

மூடி இறுகிவிட்டால் தொட்டிக்குள் காற்று போக வேறு வழி இல்லை. நான் திரும்ப அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதன் பிறகு பைக்கில் செவிலிமேட்டுக்குப் போனேன். பாலத்தின் மேல் டவுன் பஸ் நின்றிருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே மணல் அள்ளிய பள்ளத்தில் விமானம் மூக்கு புதைந்து கிடந்தது. ஆற்றில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த மாணிக்கவேல் என்பவர், “தையல் மிஷினாட்டம் விட்டு விட்டு அடிச்சிதுபா, அப்புறம் கம்முனு ஆயிடுச்சு” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். முத்துக்குமாருக்கு உயிர் இல்லை. தீப்பிடிக்கவில்லை. ஒயர்களில் சிவப்பு நூலும் பச்சை நூலும் அப்படியே இருந்தன. சுவிட்ச் பலகையில் காயில்களுக்கான நான்கு சுவிட்சுகளில் மூன்றாவது மட்டும் அணைத்திருந்தது. மேலே இருக்கும்போது ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்திருக்கிறார். நான் சொன்ன இடத்தில் தேடியிருக்கிறார். பெட்ரோல் வராததுதான் கோளாறு என்று தெரிந்திருந்தால் முதல் மிஸ்ஸிங்கிலேயே இறங்க இடம் பார்த்திருப்பார்.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் அவர் மனைவி அகிலா என்னிடம், “இன்னா ஆச்சு ஜினேசு, நல்லாயிட்டுதுன்னு சொன்னாரே” என்று கேட்டார். பக்கத்தில் உதவி ஆய்வாளர் நின்றிருந்தார். எர்த் ஒயர் மறுபடி லூசாகியிருக்கலாம் என்றேன். கட்டியது யார் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். முத்துக்குமார் என்றேன். அதை எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

06.09.2025 அன்று பாகங்களை அடையாளம் காட்ட என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்தார்கள். என் நோன்பின் கடைசி நாள். காவலர் ஒருவர் இறக்கையிலிருந்து கழற்றிய குழாயைக் காட்டி இது என்ன என்று கேட்டார். காற்றுக்குழாய் என்றேன். உள்ளே என்ன என்றார். மண் என்றேன். அவர் அதை மேசை விளிம்பில் தட்டினார். கூட்டின் பாதி உடைந்து தாளில் விழுந்தது. குளவி தன் குஞ்சுக்குத் தீனியாகக் கொட்டி மயக்கி அடைத்துவைத்த சிலந்திகள் இருந்தன. எண்ணினேன். ஏழு. ஒன்றின் கால் அசைந்தது. அவற்றின் நடுவில் அரிசி அளவு ஒரு வெள்ளைப் புழு. அதுவும் அசைந்தது. அவர் தாளை மடித்துக் கூடையில் போட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மீதிக் கூடு இப்போதும் குழாய்க்குள் இருக்கும். அதை எடுத்துப் பார்க்கவேண்டும்.

20.09.2025 அன்று பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிள்ளையார்பாளையம் போனேன். வந்திருந்தவர்கள், ஒரு ஒயரை ஒழுங்காகக் கட்டாமல் போய்ச் சேர்ந்தான் என்று பேசிக்கொண்டார்கள். குப்புசாமி தறிப் பக்கம் உட்கார்ந்திருந்தார். யாரையும் பார்க்காமல், “எம் புள்ள போட்ட முடிச்சு அவுராதுபா. அஞ்சு வயசுல தறியில அறுந்த இழைய முடிஞ்சவன். அவுராது” என்றார். அதன் பிறகு என்னைப் பார்த்து, “நீ பார்த்தியாமே, அவுந்துதான் கெடந்துதா?” என்று கேட்டார். நான் சாப்பிடாமல் கிளம்பினேன். வீட்டில் 31.08.2025 அன்று போட்டிருந்த சட்டையின் பையிலிருந்து வாஷரை எடுத்து மேசையில் வைத்தேன். இரண்டு நாள் அது மேசையில் இருந்தது.

அந்த வாஷரையும், குரல் பதிவு உள்ள செல்போனையும், பெட்ரோல் அளவு எழுதிய நோட்டையும் இன்று ஒப்படைக்கிறேன். குரல் பதிவை அழிக்கவில்லை. ஒரு தடவைக்கு மேல் கேட்கவும் இல்லை.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். ஒன்று விட்டுப்போயிருந்தது. சேர்க்கச் சொன்னேன். 06.09.2025 அன்று காவல் நிலையத்தில் இன்ஜினையும் காட்டினார்கள். காவலர் வெளியே போனபோது காயிலின் எர்த் ஒயரை இழுத்துப் பார்த்தேன். குப்புசாமி கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். அவர் கட்டியது கட்டியபடியே இருந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன். அவிழவில்லை. இதைக் குப்புசாமிக்குப் படித்துக் காட்டவேண்டும்.

மேலே எழுதியிருப்பது என் வாயால் சொன்னது, முழுவதும் உண்மை. முன்பு கொடுத்ததில் இதற்கு மாறாக உள்ளது பொய். வாசிக்கக் கேட்டேன், சரி என்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ஜீ. ஜினேஷ்

என் முன் சொல்லப்பட்டது. வற்புறுத்தல் ஏதும் இல்லை என உறுதி செய்துகொண்டேன். ரப்பர் வாஷர் ஒன்று, செல்போன் ஒன்று, நோட்டு ஒன்று பெறப்பட்டன.

(ஒப்பம்) நீதித்துறை நடுவர்