குளிர் சோஃபிக்கு ஒரு கை

காபி வேண்டாம், தலைவரே. காலையில் குடித்தால் எனக்கு நெஞ்சு கரிக்கும். மற்றபடி ஒரு குறையுமில்லை, நன்றாகத் தூங்கினேன்.

மேசைமேல் தட்டில் வைத்திருக்கிறீர்களே, அந்த இறாலைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். ஆனால் முதலில் என் பக்கத்தைக் கேளுங்கள். நம் தோட்டக் காலனியில் நிதானமாகப் பேசுகிறவர்களுக்குக் காது கொடுக்க ஆள் குறைந்துவிட்டது.

மே மாத நடுவில் வசந்தத்தின் கடைசி உறைபனியைக் கூட்டிக்கொண்டு பனிப் புனிதர்கள் ஆளுக்கொரு திருநாளாக வருவார்கள். பங்கிராஸ், செர்வாஸ், போனிஃபாஸ் என்று மூன்று ஆண்கள். கடைசியில் குளிர் சோஃபி. அவள் நாள் கழியும்வரை தக்காளி நாற்று சன்னலோரத்தைவிட்டு இறங்கக் கூடாது. கழிந்ததும் வேலியோரம் நான் முதல் நாற்றை நடுவேன். அதைப் பார்த்துவிட்டு மொத்தக் காலனியும் நடும். அந்த வாரம் முழுக்க ஆள் மாற்றி ஆள் என் வேலிக்கு வருவார்கள். நீங்களே தொப்பியைக் கழற்றிவிட்டு, "ரோஸ்வித்தாம்மா, இந்த வருஷம் சோஃபி எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வானத்தைப் பார்ப்பேன், மூக்கை ஒருதரம் உறிஞ்சுவேன், "பொறுங்க" என்பேன். வருஷத்தில் வேறு எதற்கும் என்னைத் தேடி யாரும் வருவதில்லை. இதை ஒளிப்பானேன்?

அப்புறம் பக்கத்துத் தோட்டத்தை ஸ்வான்யே குத்தகைக்கு எடுத்தாள். நல்ல பெண். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் தொந்தரவு. போன வருஷம் ஏப்ரலிலேயே தக்காளியை வெளியே நட்டுவிட்டாள். வேலிக்கு மேலாக எட்டிச் சொன்னேன்.

"சோஃபி வருவாம்மா. எல்லாத்தையும் கருக்கிட்டுப் போயிடுவா."

"வரட்டுமே. கேக் வெட்டிக் குடுத்து அனுப்புறேன்."

சோஃபி வரவில்லை. எல்லோருக்கும் முன்னால் ஸ்வான்யேயின் தக்காளி பழுத்தது. ஒரு கிண்ணம் எனக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். இனிப்பாக இருந்தது. அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்த வருஷமும் ஏப்ரலிலேயே நட்டாள். ஒவ்வொரு செடிக்கும் பெயர் வேறு. மட்டில்டா, குஸ்டாவ், குண்டு லீனா. காலையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவாள். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் புனிதர்களின் வாரம் பிறந்தும் என் வேலிக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. எல்லோரும் அவள் வேலியில் நின்றார்கள். தொப்பியைக் கையில் பிடித்தபடி நீங்களும்தான். "சீமைச்சுரைய இப்பவே வெச்சிடலாமாம்மா?" என்று நீங்கள் அவளிடம் குழைந்தது என் காதில் விழுந்தது. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள், நாற்றுகளை நினைத்துத்தான்.

யோசித்துப் பாருங்கள். என்றைக்காவது சோஃபி உண்மையாகவே வந்துவிட்டால் காலனியே போய்விடும். ஒரே ஒரு தோட்டம் போய், அதைப் பார்த்து மற்றவர்கள் திருந்தினால் அது புண்ணியம்தானே. தீயணைப்புக்காரர்களும் ஒத்திகை பார்க்கத்தானே செய்கிறார்கள்?

என் தம்பி கெர்னோட் மீன் கடை வைத்திருக்கிறான். கடை சாத்தும்போது மீனுக்கடியில் பரப்பிய நொறுக்கு ஐஸைக் கொல்லைப்புறம் கொட்டிவிடுவான். அதைக் கேட்டேன்.

"எதுக்குக்கா இவ்வளவு ஐஸு?"

"முழங்கால் வீக்கம்டா."

"கைவண்டி நிறையவா? யாரோட முழங்கால், யானையோடதா?"

அவன் வாய் அப்படித்தான், அடங்காது. ஆனால் வண்டியைத் தெருமுனைவரை தள்ளிக்கொடுத்தான். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

சோஃபியின் நாளுக்கு முந்தைய சாயங்காலம், ஸ்வான்யே வீட்டுக்குப் போன பிறகு அவள் தோட்டக் கதவைத் திறந்தேன். வெறும் ஐஸ் போதாது, கல்லுப்பும் கலக்க வேண்டும். அப்போதுதான் குளிர் உள்ளே இறங்கும். ஒவ்வொரு செடியையும் கழுத்துவரை மூடி, மேலே ஈரச் சாக்கைப் போர்த்தினேன். அவசரப்படவில்லை. குஸ்டாவ் உடனே துவண்டுவிட்டான். குண்டு லீனா கொஞ்சம் தாக்குப்பிடித்தாள். மட்டில்டாவுக்குத் தண்டு கனம், அவளுக்கு இன்னொரு வாளி தேவைப்பட்டது. அவளிடம் நானும் பெயர் சொல்லித்தான் பேசினேன். அந்த நேரத்தில் பழகிய பெயர் காதில் விழுந்தால் ஆறுதலாக இருக்கும் அல்லவா?

விடிந்ததும் போய்ச் சாக்குகளை எடுத்துக்கொண்டேன். ஐஸ் உருகியிருந்தது. இலைகள் கறுத்துத் தொங்கின. ஸ்வான்யே வந்து பார்த்துவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள். காலனியே கூடிவிட்டது. "ஐயையோ, சோஃபி வந்துட்டாளே" என்று சொன்னது நீங்கள்தான். எல்லோரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள். சுகமாக இருந்தது, தலைவரே. "பொறுங்கன்னு சொன்னேனே" என்றேன்.

பக்கத்துத் தோட்டங்கள் ஏன் கருகவில்லை என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பூனைகள்தான் காரியத்தைக் கெடுத்தன. உங்கள் மோரிட்ஸ் தலைமையில் காலனிப் பூனைகள் அத்தனையும் மட்டில்டாவைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்தமாதிரி உட்கார்ந்திருந்தன. பிறகு மோரிட்ஸ் இந்த இறாலைக் கவ்விக்கொண்டு வந்து உங்கள் காலடியில் போட்டான்.

"ரோஸ்வித்தாம்மா, பனியில எறா விழுமா?" என்றீர்கள்.

"சில வருஷம் விழும்" என்றேன். அது பொய். ஒப்புக்கொள்கிறேன். ஐஸும் நான்தான், உப்பும் நான்தான்.

ஆனால் நஷ்டம் யாருக்கு? மறுநாளே ஸ்வான்யே வீங்கிய கண்ணோடு என் வேலிக்கு வந்தாள். "இனிமே உங்களக் கேக்காம ஒரு வெங்காயம்கூட நட மாட்டேன்" என்றாள். என் சன்னலோரத்து நாற்றுகளை எடுத்துக் கொடுத்தேன். கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் பின்னால் இன்னும் நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள்.

என்ன கேட்டீர்கள்? என் கொட்டகைக்குப் பின்னால் பூத்து நிற்கிற தக்காளியா? ஓ, அதையும் பார்த்துவிட்டீர்களா? அது ஏப்ரலில் நட்டது. ஸ்வான்யேவுக்கும் ஒரு வாரம் முன்னால். இப்போதெல்லாம் சோஃபி வருவதில்லை என்று எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் ஸ்வான்யேயையும் என்னையும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள், தலைவரே. நான் என்னைக் கேட்டுவிட்டுத்தான் நட்டேன்.