சாப்டாச்சு மாமா

வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமென்றால் முதலில் டி.வி.யை அணைத்துவிட வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். நானும் அணைத்துப் பார்த்தேன். டி.வி. ஓடிக்கொண்டிருந்தவரை காதில் விழாமல் இருந்த சத்தமெல்லாம் அதற்குப் பிறகுதான் தெளிவாகக் கேட்க ஆரம்பித்தது.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், மேடம். முதல் என்றால் எங்கள் சாப்பாட்டு மேசைதான். சமையலறையை விட்டு வெளியே வந்ததும் ஒரு மூலையில் அதைத் தள்ளிப் போட்டிருக்கிறோம். மூலைப்பக்கம் உட்கார்ந்தவர் எழுந்தால்தான் நாற்காலியை நகர்த்த முடியும், நாற்காலி நகர்ந்தால்தான் தரையைக் கூட்ட முடியும். அந்த மூலை என் மாமனாருடையது. அவர் சாப்பிட்டு எழும்வரை என் நாள் முடியாது.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எங்காவது யாராவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் இவருக்குப் போன் வரும். மக்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் நாங்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில்தான். பெரியவள் எட்டாவது படிக்கிறாள், கேள்வி கேட்பதில் கெட்டிக்காரி. சின்னவனை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம், காரணம் சொல்லத் தேவையில்லை. நான் ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுக்கிறேன். நாள் முழுக்க ஊரிலுள்ளவர்களிடம் திட்டு வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே வேறு பட்டியல் காத்திருக்கும்.

நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் இல்லை. இந்தச் சாப்பாட்டு நேர டென்ஷனைக் குறைக்க என்னென்ன சொல்கிறார்களோ எல்லாவற்றையும் செய்தேன். லீவு நாளில் காய்களை நறுக்கி டப்பாவில் போட்டு வைத்தேன். ஸ்பூன் வைப்பது வாலுவின் வேலை, தண்ணீர் ஊற்றுவது பெரியவளின் வேலை என்று பிரித்துக் கொடுத்தேன். மேசையில் யாரும் மார்க்கைப் பற்றிப் பேசக் கூடாது என்று சட்டம் போட்டேன். பலனும் இருந்தது. மிச்சம் இருந்தது மாமனார் ஒருவர்தான்.

அவரைப் பற்றித் தப்பாக நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனிதர். பிஸ்கட் தொழிற்சாலையில் ருசி பார்த்துத் தேர்வு செய்கிற வேலையில் இருந்தவர். ஒவ்வொரு தட்டிலும் ஒன்றை எடுத்து, முகர்ந்து, கடித்து, தேறுமா தேறாதா என்று சொல்ல வேண்டும். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றார், நாக்கு ஓய்வு பெறவில்லை. குறை என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். இரண்டு வாய் மென்றுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்பார், அவ்வளவுதான்.

அந்தத் ‘தான்’ என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் இன்று உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்க மாட்டேன். என்னப்பா இழுக்கிறீர்கள் என்று இவர் ஆரம்பிப்பார். நான் என்னடா இழுத்தேன், நல்லாத்தானே இருக்கு என்றேன் என்பார் அவர். பாருங்கள், மறுபடியும் என்பார் இவர். அப்புறம் வாலு அழுவான், பெரியவள் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள், போன் அடிக்கும், இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுவார். மாமனார் மட்டும் மூலையில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் தீர்ப்பு எழுதுகிற மாதிரி நிதானமாக மெல்லுவார். நான் துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன்.

எங்கள் ஆபீஸ் மேலதிகாரியைத் தேன்குரல் என்று கூப்பிடுவோம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் இது: செய்கிறோம் என்று சொல்லாதே, செய்தாச்சு என்று சொல். ஆள் அனுப்புகிறோம் என்றால் எப்போது, யாரை, ஏன் இன்னும் வரவில்லை என்று நூறு கேள்வி வரும். உங்கள் புகாரை முடிச்சாச்சு சார் என்று சொன்னால் அந்தக் கேள்வியெல்லாம் வராது. ஆள் வந்து போனானோ, நாம்தான் வீட்டில் இல்லையோ என்று அவர்களே யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். நடந்து முடிந்ததோடு யாரும் சண்டை போட மாட்டார்கள். இதை நான் வெறும் ஆபீஸ் தந்திரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று மழை. இவர் லிஃப்டைப் பார்க்கப் போய்விட்டார். பிள்ளைகளுக்குச் சீக்கிரமே கொடுத்து, நானும் நின்றபடியே சாப்பிட்டு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். மாமனார் தன் அறை நாற்காலியில் தூங்கிப்போயிருந்ததை நான் மறந்துவிட்டேன். மேசையைத் துடைத்து முடித்த நேரத்தில் அவர் எழுந்து வந்து மூலையில் உட்கார்ந்தார். சாப்பாடு எடுத்து வைக்கிறாயா அம்மா என்று கேட்டார். சூப்பை மறுபடி சூடாக்க வேண்டும், தட்டு எடுக்க வேண்டும், அந்தத் ‘தான்’ஐக் கேட்க வேண்டும். என் வாய் தானாகவே ஆபீஸ் குரலில் சொன்னது.

“சாப்டாச்சு மாமா.”

நான் பொய் சொல்லவில்லை. நாங்கள் சாப்பிட்டாச்சு என்பதைத்தான் சொன்னேன். நம் பாஷையில் அதற்கு வசதி இருக்கிறது. சாப்பிட்டேன் என்றால் அதற்குள் நான் இருக்கிறேன். சாப்பிட்டீர்கள் என்றால் நீங்கள் இருக்கிறீர்கள். சாப்டாச்சு என்பதில் யாருமே இல்லை, வேலை முடிந்தது என்பது மட்டும்தான் இருக்கிறது. யார் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. துடைத்த மேசையைப் பார்த்தார், கவிழ்த்திருந்த தட்டுகளைப் பார்த்தார். “ஓ, ஆச்சா?” என்று வெட்கத்தோடு சிரித்தார். அறைக்குப் போய்க் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

அந்த அமைதியை நான் எப்படிச் சொல்வேன். குழாய் சொட்டுவது கேட்டது. வாலு தனக்குத்தானே பாடிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவது கேட்டது. நான் மேசையருகே உட்கார்ந்தேன், கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல்முறையாக அந்த மூலை நாற்காலியில். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறுநாள் காலையில் அவருக்கு இரண்டு ரொட்டித் துண்டு அதிகமாகவே வைத்தேன். எனக்கு மனசாட்சி இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு தினமும் இல்லை, மேடம். வேலை நெருக்குகிற நாட்களில் மட்டும். எங்கள் வீட்டில் வேலை நெருக்காத நாள் குறைவு, அது என் தப்பில்லை.

ஆரம்பத்தில் அவருக்குச் சந்தேகம் இருந்தது. பழைய தொழில் புத்தி, விரல்களை முகர்ந்து பார்ப்பார். ஆகவே எலுமிச்சை வாசனை தூக்கலாக அடிக்கிற சோப்பு வாங்கி வைத்தேன். தன் தட்டு கழுவியிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். ஆகவே அதை நனைத்து மற்ற தட்டுகளோடு சாய்த்து வைத்தேன். மதியத்துக்கு அவரே பாத்திரத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வது வழக்கம். மிஞ்சினால் கெட்டுப்போகிறது என்று எல்லாவற்றையும் நான் ஆபீசுக்கு எடுத்துப்போக ஆரம்பித்தேன், தட்டை மட்டும் காலையிலேயே நனைத்து வைத்துவிட்டு. ஒருமுறை அவர் தூங்கும்போது சட்டைப் பையின்மேல் கொஞ்சம் சூப்பைத் தெளித்தேன். விழித்ததும் பார்த்துவிட்டு, அடடா, கொட்டிக்கொண்டேனே என்று அவரே துடைத்துக்கொண்டார். அதைச் செய்தது ஒரே ஒருமுறைதான். எனக்கே பிடிக்கவில்லை. அந்தக் கறை லேசில் போகாது.

பெரியவள்தான் முதலில் கவனித்தாள். தாத்தா இன்னும் சாப்பிடவில்லையே என்றாள். நான் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னேன். தாத்தாவுக்கு ஞாபகம் தப்புகிறது, நீ பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்கு முன்பே அவருக்குச் சாப்பாடு முடிந்துவிடுகிறது, திரும்பத் திரும்பக் கேட்பார், நாம் கோபப்படாமல் எடுத்துச் சொல்ல வேண்டும். மறுநாள் அவர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது, நான் சொல்லாமலே அவள் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “சாப்டாச்சு தாத்தா, நீங்க போய்ப் படுத்துக்கோங்க” என்றாள். சமையலறையில் நின்றிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பக்குவம்.

இவரிடம் சொல்வது இன்னும் சுலபமாக இருந்தது. அப்பாவோடு ஏன் ஒத்துப்போகவில்லை என்பதற்கு ஒரு காரணம் கிடைத்ததும் இவருக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. நோயாளியோடு யார் சண்டை போடுவார்கள்? அவருக்குத் தலை வாரிவிட்டார், நகம் வெட்டிவிட்டார். அப்பாவும் பிள்ளையும் அவ்வளவு அன்னியோன்னியமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. மேசையில் எல்லாரும் சிரித்துப் பேசினார்கள். வாலு தட்டில் மிச்சம் வைப்பதை நிறுத்தினான். உங்களுக்கும் குடும்பம் இருக்கும், இதெல்லாம் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்திருக்கும்.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா மட்டும், பெரியவர் சட்டையெல்லாம் தொளதொளவென்று இருக்கிறதே என்று வாங்கிப்போய்ப் பிடித்துக் கொடுத்தார். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் பிடித்துக் கொடுத்தார். ஒருநாள் சூடாக ரொட்டி சுட்டு எடுத்து வந்து அவரிடமே நீட்டினார். அவர் கை பாதிவரை போனது. பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். இப்போதுதான் ஆச்சு அம்மா என்று கையை மடக்கிக்கொண்டார்.

டாக்டரிடம் காட்டவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இவர்தான் கூட்டிப்போனார், நானும் போனேன். சாப்பிட்டதையே மறந்துவிடுகிறார் என்று இவர் சொன்னார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் அவரைக் கேட்டார். என் மருமகளைக் கேளுங்கள், அவளுக்குத்தான் தெரியும் என்றார் அவர். டாக்டர் வருத்தத்தோடு என் பக்கம் திரும்பி, “வாதாடாதீங்கம்மா. ஆச்சுன்னு அன்பா சொல்லிட்டுப் பேச்சை மாத்திடுங்க” என்றார். நானாகச் செய்துகொண்டிருந்ததைப் படித்தவர் ஒருவர் சரி என்று சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கடைசியில் அவர் நாற்காலியிலிருந்து எழும்போது விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டர், சின்னப் பெண். அவருக்கு எங்கள் பதில்கள் எதுவும் பிடிக்கவில்லை. மாமனாரின் கையை எடுத்து எடுத்துப் பார்த்தார், சாப்பாட்டைப் பற்றியே கேட்டார். சிஸ்டர் ஒரு தம்ளர் பால் கொண்டுவந்து மாமனார் கையில் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். முகர்ந்து பார்த்தார். வாய்க்குக் கிட்டே கொண்டுபோனவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“நான் சாப்டாச்சாம்மா?”

நீங்கள் என்னிடம் கேட்க விரும்புவது இந்த இடத்தைத்தான் என்று எனக்குத் தெரியும். இத்தனை நாள் யாரும் இல்லாமல் இருந்த சொல்லில் அவர் வந்து உட்கார்ந்துவிட்டார். இனிமேல் அது யாரையும் குறிக்கவில்லை என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. டாக்டர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவரும் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொன்னால் பால் உள்ளே போயிருக்கும், உண்மைதான். ஆனால் எத்தனை நாளாக இல்லை என்று டாக்டர் கேட்டிருப்பார். இவர் கத்தியிருப்பார். அத்தனை நோயாளிகளுக்கு நடுவில் எங்கள் குடும்பச் சண்டை நடந்திருக்கும். எவ்வளவோ பாடுபட்டு நிறுத்திய சண்டை.

“ஆச்சு மாமா.”

அவர் தம்ளரைச் சிஸ்டரிடம் திருப்பிக் கொடுத்தார். வீணாகப் போகிறதே, மன்னித்துக்கொள் அம்மா என்று அவளிடம் சொன்னார். ஊசி வழியாக ஏற்ற அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். பொழுது சாய்வதற்குள் அவர் போய்விட்டார். இவர் அழுத அழுகையைப் பார்க்க முடியவில்லை.

உங்களிடம் என்னைக் கொண்டுவந்து சேர்த்தது பெரியவள். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தச் சின்ன டாக்டர் அவளோடு பேச்சுக் கொடுத்திருக்கிறார். தாத்தா கேட்டால் சாப்டாச்சு என்று சொல்ல வேண்டும், நாங்கள் எல்லாரும் சொல்வோம் என்று இவள் விளக்கியிருக்கிறாள். அவர் சாப்பிட்டு நீ பார்த்திருக்கிறாயா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். கொஞ்ச நாளாகப் பார்க்கவில்லை என்றாளாம். குரலை உயர்த்தவில்லை, அழவில்லை. பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்திருக்கிறேன். இப்போது அவள் மேசைக்கு வருவதில்லை என்று இவர் சொன்னார். தட்டைப் பார்த்தாலே எழுந்து போய்விடுகிறாளாம். வயசு அப்படி, சரியாகிவிடும்.

தட்டை நனைத்தது நான். சோப்பை மாற்றியது நான். சூப்பைத் தெளித்ததும், பிள்ளையைச் சொல்ல வைத்ததும், அந்தத் தம்ளரைத் திருப்பிக் கொடுக்க வைத்ததும் நான்தான். அவர் சாவுக்கு நான்தான் காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பட்டினி போட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடுங்கள் மேடம். பசிக்கிறது என்று அவர் ஒருநாள்கூட என்னிடம் சொன்னதில்லை, ஆச்சா என்றுதான் கேட்டார்.